ஜப்பான் அரிசி: சாகுபடிக் குறைப்பா, நேரடி மானியமா?

2025-இல் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியதும் பழைய கேள்வி மறுபடி சூடுபிடித்தது: சாப்பாட்டு நெல்லின் பரப்பைக் குறைக்க உழவருக்கு மானியம் கொடுத்து விலையை உயர்த்தி வைப்பதா (குறைப்பு), விலையைச் சந்தைக்கு விட்டு உழவரின் வருமான இழப்பை அரசே நேரடியாக ஈடுகட்டுவதா (நேரடி)?

செலவு
குறைப்பு: மக்களுக்கு இரட்டைச் சுமை. தீவன நெல்லுக்கு மாறினால் 10 ஆருக்கு (கால் ஏக்கர்) 1,05,000 யென் வரை மானியம்; அது வரிப்பணம். கடையிலும் விலை அதிகம். ஏழைக்குத்தான் பெரிய அடி.
நேரடி: வரிப்பணம் மட்டும்.

தாங்கும் திறன்
குறைப்பு: தேவைக்கு மட்டாக விளைவிப்பதால் உபரி இல்லை. 2023 கோடை வெயிலில் நெல்லின் தரம் கெட்டது. 2024 ஆகஸ்டில் கடை அலமாரிகள் காலியாயின.
நேரடி: உபரியை ஏற்றுமதி செய்யலாம், பஞ்சத்தில் அதுவே கையிருப்பு.

அரசியல்
குறைப்பு: விலை உயர்ந்தால் வேளாண் கூட்டுறவுகளின் தரகும் உயரும், சிறு உழவரும் வயலை விடமாட்டார். 2018-இல் முடிந்ததாக அறிவித்தும் மாற்றுப்பயிர் மானியம் நீடித்தது இதனால்தான்.
நேரடி: ஆட்சி மாறினால் வெட்டு விழும். 2010-இல் 10 ஆருக்கு 15,000 யென், 2014-இல் பாதி, 2018-இல் பூஜ்யம். அதுவும் உற்பத்தி வரம்பை ஏற்றவர்களுக்கே கிடைத்தது என்பதால் அதை முழுச் சோதனையாக எடுக்க முடியாது.

பகுதிநேரச் சிறு உழவரின் வருமானமே குறி என்றால் குறைப்பு. மலிவு அரிசியும் உணவுப் பாதுகாப்பும் வேண்டுமென்றால் நேரடி மானியம்தான். ஆனால் முழுநேர உழவருக்கு, சட்டத்தில் உறுதிசெய்த தொகையாக.