"போர்ட் ஃபுல்" என்று சொல்லி ரூ.86,500 பிடுங்கிவிட்டார்கள்: இபிஏபிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனம்

ரூ.86,500 போச்சு. இன்று காலைதான் முழு விவரமும் பிடிபட்டது. ஆபீஸில் இபிஏபிஎக்ஸ் (உள்ளே இருக்கும் போன்களை வெளி லைனோடு இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

காலை 10 முதல் 12 வரை வெளியிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு பிஸி டோன். இங்கிருந்து அடித்தாலும் போகவில்லை. லாகில் காஸ் கோட் (கால் போகாத காரணத்தைச் சொல்லும் எண்) 34, அதாவது சேனல் காலி இல்லை. இருப்பது ஒரு பிஆர்ஐ லைன், அதாவது ஒரே கேபிளில் 30 சேனல், ஒரு சேனலுக்கு ஒரு கால். ஆண்டுப் பராமரிப்பு எடுத்திருந்த கடைக்குச் சொன்னோம்.

வந்தவர் லேப்டாப்பை இணைத்து ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். 30 கட்டம்: 19 பச்சை, 11 சிவப்பு. "பாருங்க சார், ஒரு போர்ட்கூட காலி இல்ல. இன்னொரு கார்டு போட்டாத்தான் தாங்கும்." கட்டம் கட்டமாக விரல் வைத்து, அவ்வளவு பொறுமையாக விளக்கினார். பச்சைக்கும் சிவப்புக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கவிழ்ந்தது அங்கேதான். அன்று மாலையே கார்டு, லைசென்ஸ், கூலி என்று மொத்தம் ரூ.86,500 கைமாறியது.

பச்சை என்றால் கால் ஓடுகிற சேனல். சிவப்பு என்றால் சேவையிலிருந்து விலகி நிற்கிற சேனல். நிரம்பியது அல்ல, செத்துக் கிடப்பது! எஸ்எம்டிஆர் பதிவை (ஒவ்வொரு காலின் விவரமும் பதிவாகும் பட்டியல்) ஒரு வாரத்துக்கு எடுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: 21 முதல் 31 வரையிலான டைம்ஸ்லாட்டில் (லைனில் ஒவ்வொரு சேனலுக்கும் உள்ள இட எண்) ஒரு கால்கூட இல்லை. (16 சிக்னலிங்குக்குப் போய்விடும், அதில் கால் வராது. அதுதான் டி சேனல்.)

காரணமும் பெட்டியின் செட்டிங்கிலேயே இருந்தது. கிளாக் சோர்ஸ், அதாவது பெட்டி எந்தக் கடிகாரத் துடிப்பைப் பின்பற்றுகிறது என்பது, 'இன்டர்னல்' என்று கிடந்தது. பிஆர்ஐயில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கிளாக்கைத்தான் நம் பெட்டி பின்பற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லிப் (இரு பக்கத் துடிப்பும் ஒத்துப்போகாமல் டேட்டா விடுபடுவது) ஏறிக்கொண்டே போகும். போதாததற்கு ஆர்ஜே 45 முனையில் (கேபிளின் பிளக்) கிரிம்ப், அதாவது கம்பிகளை அழுத்திப் பொருத்தியது, சரியில்லை, கேபிளைத் தொட்டால் லைன் விழுந்து எழுந்தது. டி சேனல் அறுந்து மீளும்போது சேனல்களை மீண்டும் தொடங்கப் போகும் ரீஸ்டார்ட் செய்திக்குப் பதில் வராத சேனல்கள் அப்படியே சிவப்பில் நின்றுவிட்டன.

11 சேனல்தானே என்று நினைக்காதீர்கள். நூற்றுக்கு ஒரு கால் கிடைக்காமல் போகலாம் என்ற கணக்கில் 30 சேனல் சுமார் 20 எர்லாங் (ஒரே நேரத்தில் சராசரியாக ஓடும் கால்களின் அளவு) தாங்கும். 19 சேனல் சுமார் 11தான். மூன்று நிமிட கால் என்றால் மணிக்கு 400 கால் தாங்கவேண்டிய லைன் 220லேயே திணறும்.

புதுக் கார்டு என்ன செய்தது? ஒன்றுமில்லை. டெலிகாம் கம்பெனியிடம் இரண்டாவது பிஆர்ஐ வாங்காமல் கார்டு மட்டும் போட்டால் அதில் எந்த லைன் வரும்? சிக்னல் இல்லை என்று எல்ஓஎஸ் அலார்மில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "அது ஸ்டாண்ட்பை சார்" என்றார். பிறகு அந்த அலார்மையே மறைத்துவிட்டு, பழைய லாகையும் கிளியர் செய்துவிட்டுப் போயிருக்கிறார். கார்டைக் கழற்றிப் பார்த்தால் பின்முனையில் ஏற்கெனவே ஸ்லாட்டில் ஏறி இறங்கிய கீறல், சீரியல் ஸ்டிக்கரைச் சுரண்டிய இடத்தில் பசை. பழைய கார்டு. ரூ.86,500க்கு!

கேட்டால் முதல் நாள் "லைன்காரங்க பிரச்சினை". மறுநாள் "இன்ஜினியர் லீவு". மூன்றாம் நாள் "பில் போட்டாச்சு, ரிட்டர்ன் கிடையாது". அந்த பில்லில் இருப்பதோ "டெலிகாம் உதிரிபாகம் – 1" என்ற ஒரே வரி. இப்போது போனே எடுப்பதில்லை.

கிளாக்கை 'லைன்' என்று மாற்றி, முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்து, சேனல்களை ஒவ்வொன்றாகச் சேவைக்குக் கொண்டுவந்தோம். இரண்டு சேனலை மட்டும் டெலிகாம் கம்பெனி அவர்கள் பக்கம் விடுவிக்க வேண்டியிருந்தது. செலவு ஒரு ஆர்ஜே 45 முனை. காலை 11 மணிக்கு 22 கால் ஒரே நேரத்தில் ஓடியது, பிஸி இல்லை.

அவசரமாகச் சொல்கிறேன்: போர்ட் ஃபுல் என்றால் எத்தனை பிஸி, எத்தனை அவுட் ஆஃப் சர்வீஸ் என்று தனித்தனியாகக் கேளுங்கள். லாகை எக்ஸ்போர்ட் செய்து வைக்காமல் யாரையும் கிளியர் செய்ய விடாதீர்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். சீரியல் நம்பர் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன், நுகர்வோர் புகாருக்கு இந்த ரூ.86,500 பில்லை நகல் எடுக்க வேண்டும்.