விடுதி வைஃபை: வேகத்தைவிடத் தடைகளே பெருந்தொல்லை

ஆராய்ச்சி மாணவர்கள் தங்கியிருக்கும் எங்கள் பல்கலைக்கழக விடுதியில் இணையச் சேவைக்கும் சேர்த்தே ஆண்டுக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதால், பணம் செலுத்திய பயனர் என்ற முறையில் அதை மதிப்பிட எனக்கு உரிமையுண்டு.

ஒருவருக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்ற வரம்பை நான் குறை சொல்லமாட்டேன். நூற்றுக்கணக்கானோர் ஒரே இணைப்பைப் பகிரும் இடத்தில் அது தேவைதான். ஆனால் 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆகையால், அந்த வரம்பு முழுமையாகக் கிடைத்தாலும் நொடிக்குக் கால் மெகாபைட்தான் இறங்கும். 1 ஜிகாபைட் தரவுத் தொகுப்புக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிறது. இடையில் லாகின் காலாவதியானால் இறங்கியதும் வீணாகிவிடுவதுண்டு. விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய டபிள்யூகெட், ஏரியா2 போன்ற மென்பொருள்கள் இங்கே பெரும் உதவி.

மாலை வேளையில் இந்த 2 மெகாபிட்டும் கிடைப்பதில்லை. தாழ்வாரத்து ரூட்டர்கள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 என மூன்று சேனல்கள் மட்டுமே. வைஃபை மந்தமாகிறதென்று அறைக்கு அறை கைபேசி ஹாட்ஸ்பாட்டைப் போட, அந்த ஹாட்ஸ்பாட்டுகளும் அதே சேனல்களில் நெருக்கியடிக்க, எல்லோருக்கும் வேகம் இன்னும் குறைகிறது. அறையில் லேன் இணைப்பு இருப்பவர்கள் தயங்காமல் கேபிளைச் செருகிக்கொள்ளலாம். வரம்பு அதேதான் என்றாலும் இணைப்பு அறுவதில்லை.

என்னை உண்மையில் வருத்துவது, எந்த இணைப்பை விடுவது, எதை அடைப்பது என்று வடிகட்டும் ஃபயர்வால். பொழுதுபோக்கைத் தடுப்பதற்காக யூடியூபை மொத்தமாக அடைத்துவிட்டதால், ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் விரிவுரைகளை அங்கே பார்க்கும் வழியும் அடைபட்டது. போர்ட் 22 (இணையப் போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாயில்களில் ஒன்று) மூடப்பட்டிருப்பதால் வெளி நிறுவனத்தின் கணினித் தொகுதிக்குள், தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து கணக்கீடுகளை ஓட்ட முடியவில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் பயனர்களுக்கு மட்டும் சிக்கலில்லை. அது இணையதளங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எச்டிடிபிஎஸ் வழியாகவும், 443ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் வழியாகவும் வேலை செய்கிறது. எதை, ஏன் அடைத்தார்கள் என்ற அறிவிப்பு எங்கும் இல்லை. கணினி மையத்துக்கு எழுதினால் பதிலும் வருவதில்லை. படிப்புக்கான தேவையையும் கேளிக்கையையும் ஒரே பூட்டால் பூட்டுவது நிர்வாகம் ஆகாது.

உயர்கல்வி நிறுவனங்களை அதிவேகத்தில் இணைப்பதற்கென்றே 2010இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய அறிவு வலையமைப்பில் எங்கள் வளாகமும் இருக்கிறது. நூலகக் கட்டடத்தில் அந்த வேகத்தைக் கண்கூடாகக் காண்கிறோம். ஆகவே குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் இல்லை. அதை விடுதிக்குப் பங்கிடும் முறையில்தான் இருக்கிறது.

இப்போதைக்கு 5க்கு 2 மதிப்பெண் தருகிறேன். நள்ளிரவு முதல் விடியும் வரையிலாவது வரம்பைத் தளர்த்தி, ஆராய்ச்சிக்குத் தேவையான போர்ட்டுகளையும் தளங்களையும் வழிகாட்டிப் பேராசிரியரின் கையொப்பத்துடன் விண்ணப்பித்துத் திறந்துகொள்ள வகைசெய்தால், 4 கொடுக்கத் தயங்கமாட்டேன்.