பல்லாண்டுச் சூரியகாந்தி: மாக்ஸிமிலியனா, வெஸ்டர்னா?

எண்ணெய்க்காக விதைக்கும் சூரியகாந்தி ஒரே பருவத்தில் பூத்து, மணி பிடித்து, காய்ந்துவிடும். அதே ஹீலியாந்தஸ் பேரினத்தில், வட அமெரிக்கப் பிரெய்ரிப் புல்வெளிகளுக்கே உரிய பல்லாண்டுச் செடிகள் நிறைய உண்டு. பனியில் மேல்பாகம் கருகினாலும் வேர் சாகாமல் வசந்தத்தில் துளிர்ப்பவை. இயற்கைப் புல்வெளி அமைப்பவர்கள் பெரும்பாலும் பூவைப் பார்த்தே தேர்வு செய்கிறார்கள். பூ எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மஞ்சள்தான். செடி எவ்வளவு உயரும், மண்ணுக்கடியில் எப்படிப் பரவும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மாக்ஸிமிலியன் சூரியகாந்தி டெக்சாஸ் முதல் தெற்குக் கனடா வரை வளர்வது. 1832 முதல் 1834 வரை அந்த நிலப்பகுதியில் பயணம் செய்த ஜெர்மானிய இளவரசரின் பெயரைத் தாங்கியது. உயரம் 4 முதல் 8 அடி. ஈரமும் வளமும் கூடினால் 10 அடி. சாம்பல் பச்சையில் சொரசொரப்பான குறுகிய இலை, நடுநரம்பில் மடிந்து வளைந்திருக்கும். பூக்கள் உச்சியில் மட்டுமல்லாமல் தண்டின் மேல்பாதி முழுக்க இலைக்கக்கங்களில் வரிசையாக மலரும். மற்ற பூக்கள் ஓயும் செப்டம்பரில் இது உச்சத்தில் இருப்பதால் தேனீக்களுக்குப் பெரிய ஆதாரம்.

வெஸ்டர்ன் சூரியகாந்தி, அதாவது ஹீலியாந்தஸ் ஆக்சிடென்டாலிஸ், வேறு சுபாவம். இலையெல்லாம் தரையோடு கொத்தாக இருக்கும். தண்டு கிட்டத்தட்ட மொட்டை. 2 முதல் 4 அடி, சாய்வது அபூர்வம். வறண்ட மணல் மண்ணே போதும். இதுவும் நிலத்தடித் தண்டுகளால் பரவும்தான். ஆனால் தாழ்ந்த பாய்போல் பரவுவதால் லிட்டில் புளூஸ்டெம் போன்ற புற்களை நிழலில் அமுக்காது. சாலையோரப் பாத்திக்கும் வீட்டு முன்புறத்துக்கும் எங்கள் தேர்வு இதுதான். மாக்ஸிமிலியனுக்கு, உயரமான பிக் புளூஸ்டெம், இந்தியன் புல் தோளோடு தோளாக நிற்கும் அகன்ற நிலம் வேண்டும்.

சாடூத் சூரியகாந்தி சிறு இடத்துக்கு வேண்டவே வேண்டாம். பத்தடிக்கு மேலும் போகும், அண்டையை விழுங்கும். மாக்ஸிமிலியன் என்று நினைத்து இதை நட்டுவிடும் அபாயம் உண்டு. தண்டை விரலால் தடவிப் பாருங்கள்: சாடூத் செந்நிறம் கலந்து வழவழப்பாக இருக்கும், மாக்ஸிமிலியனில் வெண்ணிற முரட்டு ரோமம் தட்டுப்படும்.

மாக்ஸிமிலியன் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் நம் உபசரிப்புதான். கம்போஸ்ட், சொட்டுநீர், அரைநிழல் மூன்றும் தண்டை நீட்டி வலுவிழக்கச் செய்யும். உரம் போடாதீர்கள், வேர் பிடித்தபின் நீரைக் குறையுங்கள். ஜூன் தொடக்கத்தில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெட்டினால் குட்டையாகக் கிளைக்கும். பூ சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. ஜூலை கடைசிக்குப் பிறகு வெட்டினால் மொட்டே போய்விடும்.

விதையை ஈர மணலில் கலந்து 4 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்பெட்டியில் 30 நாள் வைத்து, கால் அங்குல ஆழத்தில் ஊன்றலாம். நவம்பரில் நேரடியாக விதைத்தால் குளிர்காலமே அந்த வேலையைச் செய்துவிடும். பல செடிகள் இரண்டாம் ஆண்டில்தான் நன்றாகப் பூக்கும். ஒரே தாய்ச்செடியைப் பிரித்து நட்டவை தமக்குள் சரியாக மணி பிடிக்காது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனங்கள் இவை. விதை தின்னும் கோல்ட்ஃபின்ச் குருவிகள் வர வேண்டுமானால் விதையிலிருந்து எழுந்த, வெவ்வேறு மரபுள்ள செடிகளை நடுங்கள்.

பூத்தலை கழுத்தில் அறுபட்டுத் தொங்கினால் அது கழுத்தறுக்கும் கூன்வண்டின் வேலை. தலைக்குள் முட்டை இருக்கும். தொங்குவதையும் விழுந்ததையும் பொறுக்கிச் சோப்புநீரில் போடுங்கள்.

பரவலை அடக்க, வசந்தத்தில் துளிர் 3, 4 அங்குலம் வந்ததும் கூரான மண்வெட்டியால் எல்லைக்கோட்டை வெட்டி, வெளியே போன நிலத்தடித் தண்டுகளை முழுசாக இழுத்தெடுங்கள். துண்டாகக் கிடந்தால் அதுவே புதுச் செடியாகும்.