ஒரு கிரேக்கச் சொல், மூன்று அகராதிகள்

யோவான் 21-ல் இயேசு பேதுருவிடம் மூன்று தடவை கேட்கிறார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் முதல் இரண்டு கேள்வி "அன்பாயிருக்கிறாயா", மூன்றாவது "நேசிக்கிறாயா". பேதுரு மூன்று முறையும் "நேசிக்கிறேன்" என்றே சொல்கிறார். கிரேக்க மூலத்திலும் அப்படித்தான், அன்புக்கு இரண்டு வினைச்சொற்கள்: கேள்வியில் அகபாவோ, அகபாவோ, ஃபிலேயோ, பதிலில் எப்போதும் ஃபிலேயோ. இந்த மாற்றத்துக்குப் பொருள் உண்டா? எந்த அகராதியைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பெரும்பாலோர் கையில் இருப்பது ஜேம்ஸ் ஸ்ட்ராங் தொகுத்தது, வேதாகமத்தின் மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பது, 1890-ல் வந்தது. கிரேக்க எழுத்தே தெரியாதவரும் எண்ணை வைத்துத் தேடலாம். அகபாவோ 25, ஃபிலேயோ 5368. அந்த 5368-க்குக் கீழேதான் வம்பு தொடங்குகிறது: ஃபிலேயோ உணர்ச்சி சார்ந்த பாசம், அகபாவோ அறிந்து தீர்மானித்து வைக்கும் அன்பு என்று பிரித்துவிடுகிறார். நாம் கேட்ட பிரசங்கங்களில் பாதி இந்த இரண்டு வரியிலிருந்து வந்தவை என்பது என் சந்தேகம்.

லோ-நைடா அகராதி (1988) அகர வரிசையையே விட்டுவிட்டு, சொற்களைப் பொருள்வாரியாக 93 பிரிவுகளில் அடுக்குகிறது. அன்புச் சொற்கள் எல்லாம் 25-ஆம் பிரிவில் அக்கம்பக்கமாக இருக்கும். ஒன்று தெய்வீக அன்பு, மற்றது மனித அன்பு என்று எண்ணுவது தவறு என்று அங்கேயே எச்சரிக்கையும் உண்டு. கிட்டத்தட்ட ஒரே பொருளுள்ள சொற்களை எடைபோட இதற்கு நிகரில்லை.

பாவர் அகராதி (ஆங்கில மூன்றாம் பதிப்பு, 2000) ஆழமானது, ஆனால் கிரேக்கம் வாசிக்கத் தெரிய வேண்டும். சுருக்கக் குறியீடுகள் வேறு கண்ணைக் கட்டும். இந்த வசனத்துக்கு அது காட்டும் காரணம் அருமை: இதே அதிகாரத்தில் மேய்ப்பதற்கும், ஆடுகளுக்கும், வலை இழுப்பதற்கும்கூட யோவான் சொல்லை மாற்றி மாற்றிப் போடுகிறார். போஸ்கே, பொய்மைனே இரண்டுமே தமிழில் "மேய்ப்பாயாக"தான். அதை வைத்து யாரும் பிரசங்கம் செய்வதில்லையே!

சரி, நான் எதை எடுப்பேன்? வசனங்களைத் தேட ஸ்ட்ராங் எண், பொருளுக்கு லோ-நைடா. சந்தேகம் தீராவிட்டால் மட்டும் பாவர். ஸ்ட்ராங் எண் 25-ஐப் பிடித்துக்கொண்டே போனால் 2 தீமோத்தேயு 4:10 வரும். தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் "ஆசைவைத்து" பவுலை விட்டுப் போனான். அங்கேயும் கிரேக்கத்தில் அகபாவோதான்.