சிங்க் நகர்ந்தால் பெர்மிட்: நியூ ஜெர்சியில் சமையலறை மாற்ற மூன்று வழிகள்

எங்கள் வீட்டில் கிரைண்டரும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். மாவு பாதியில் நிற்க, யாராவது பேஸ்மென்டுக்கு இறங்கிப்போய் அதைத் தூக்கிவிட்டு வர வேண்டும். 1974இல் கட்டிய வீடு. அன்றைக்கு அமெரிக்கச் சமையலறையில் இட்லி மாவு அரைப்பார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பதினோரு ஆண்டுகள் இப்படியே ஓட்டிவிட்டு, ஒருவழியாகச் சமையலறையைப் பிரித்துக் கட்டுவது என்று முடிவானபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துப் புதிதாக்குவது முதல் வழி. இதற்குப் பெர்மிட் வேண்டாம். சிங்க், அடுப்பு, சுவர் ஆகியவற்றை மாற்றியமைத்து, ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பில் பெர்மிட் எடுத்துச் செய்வது இரண்டாவது. அதே வேலையைச் சத்தமில்லாமல் பெர்மிட் இன்றி முடிப்பது மூன்றாவது. நாங்கள் போனது இரண்டாவது வழியில். அதனால் என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்; படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

முதல் வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நியூ ஜெர்சி முழுவதற்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு. 1977 முதல் நடைமுறையில் இருக்கிறது. எடிசனானாலும் ப்ளெயின்ஸ்போரோவானாலும் விதி ஒன்றுதான். கட்டணமும் காத்திருக்கும் நாட்களும்தான் ஊருக்கு ஊர் மாறும். இந்தத் தொகுப்பில் ‘சாதாரணப் பராமரிப்பு’ என்று ஒரு பட்டியல் உண்டு. 2018 மார்ச்சில் அதை இன்னும் தாராளமாக்கினார்கள். கேபினெட், கவுன்டர், தரை, பெயின்ட், குழாய் மாற்றுவது, அதே இடத்தில் வேறு சிங்க், அதே இடத்தில் அதே எரிபொருளில் வேறு அடுப்பு, பழைய டிஷ்வாஷரை எடுத்துவிட்டுப் புதியது வைப்பது, இவை எதற்கும் டவுன்ஷிப் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. சமையலறையின் அமைப்பு பிடித்திருக்கிறது, தோற்றம்தான் பழசாகிவிட்டது என்றால் இதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

எங்களுக்கு அது போதவில்லை. கவுன்டர் பிளக்குகள் அனைத்தும் ஒரே சர்க்யூட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்றைய மின்விதி கவுன்டருக்கு மட்டும் குறைந்தது இரண்டு 20 ஆம்பியர் சர்க்யூட் கேட்கிறது. அடுப்புக்கு மேலிருந்த ஹூட், தாளித்த புகையை உறிஞ்சி ஒரு வடிகட்டி வழியாக நம் முகத்திலேயே திருப்பி ஊதும் வகை. மிளகாய் வற்றல் போட்டால் மாடியில் படுத்திருப்பவர் இருமுவார். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர் வேறு. பளபளக்கும் புதுக் கேபினெட்டுக்குப் பின்னால் இந்தத் தொல்லைகள் அப்படியே இருக்கப்போகின்றன என்றால் எதற்காகச் செலவு?

சுவரை எடுப்பது, கம்பி புதிதாக இழுப்பது, எரிவாயுக் குழாயை நகர்த்துவது, சுவரைத் துளைத்துப் புகைக்குழாய் விடுவது என்று வந்துவிட்டால் மிச்சம் இரண்டே வழி: பெர்மிட்டோடு, பெர்மிட் இல்லாமல்.

விலை கேட்கக் கூப்பிட்ட முதல் கான்ட்ராக்டர் தமிழர்தான். “அண்ணா, உள்ளே நடக்கிற வேலை யாருக்குத் தெரியப்போகிறது? பெர்மிட் என்றால் இரண்டு மாதம் இழுக்கும், நான் மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன்” என்றார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் அவர் கட்சி. “சொந்த வீட்டுச் சமையலறையைத் தொட ஊராட்சியில் போய்க் கேட்பார்களா மாப்பிள்ளை?” என்றார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பெர்மிட் எடுக்காவிட்டால் பணம் மிச்சமாகும், நாளும் மிச்சமாகும். கட்டணம் மட்டும் எங்களுக்குக் கட்டடம், மின்சாரம், குழாய் மூன்றுக்கும் சேர்த்து 700 டாலரை ஒட்டி வந்தது. சுவர் பாரம் தாங்கும் சுவர் என்று தெரிந்ததும் பொறியாளரின் முத்திரையிட்ட வரைபடத்துக்குத் தனிச் செலவு. விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு சொல்ல டவுன்ஷிப்புக்கு 20 வேலை நாள் வரை அவகாசம் உண்டு. எங்களுக்குப் பதினாறாவது நாளில் வந்தது. அதற்குள் நன்றாக வேலை செய்யும் ஒரு தச்சரை வேறு வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் கராஜில் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைத்த காலமும் அந்த அளவுக்கு நீண்டது.

இவ்வளவு தெரிந்தும் நான் பெர்மிட் பக்கம் போனதற்குக் காரணம் நேர்மையோ பயமோ இல்லை. வீடு விற்ற அனுபவம்.

இதற்கு முன் ஒரு டவுன்ஹவுஸில் இருந்தோம். அதை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல், விற்பனை ஒப்பந்தத்தை வக்கீல்கள் பார்ப்பதற்கான மூன்று வேலை நாள் முடிந்த கையோடு, டவுன்ஷிப்பில் ஓப்ரா மனு போட்டார். ஓப்ரா என்பது இந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம். 2002இல் வந்ததால் நம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு மூன்று வயது மூத்த அண்ணன் என்று சொல்லலாம். எந்த முகவரிக்கும் எடுக்கப்பட்ட பெர்மிட், முடிந்தது எது, முடியாமல் நிற்பது எது என்று யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஏழு வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த பதிலில் ஒரே ஒரு வரி. எங்களுக்கு முன்பிருந்தவர் அடுப்பை நகர்த்த எரிவாயுக் குழாய்க்குப் பெர்மிட் எடுத்திருக்கிறார்; கடைசிச் சோதனைக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அது திறந்தே கிடந்திருக்கிறது. நாங்கள் அந்த வீட்டை வாங்கியபோது இப்படியெல்லாம் கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவில்லை.

யாரோ செய்த வேலைக்கு நான் பிளம்பரைப் பிடித்தேன். அவர் குழாயில் காற்றை அடைத்து ஒரு மீட்டரை மாட்டினார். முள் நகர்கிறதா என்று இன்ஸ்பெக்டர், பிளம்பர், நான் மூவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நகரவில்லை. வேலை நன்றாகத்தான் இருந்தது, காகிதம்தான் இல்லை. அதற்குள் மூன்று வாரம் போய்விட்டது; வாங்குபவருக்கு வங்கி உறுதி செய்திருந்த கடன் வட்டியின் கெடு முடிந்து, அதை நீட்டித்த செலவு என் தலையில் விழுந்தது.

குழாய் என்பதால் சோதிக்க முடிந்தது. சுவருக்குள் போன கம்பி என்றால்? ஜிப்சம் பலகையை வெட்டித் திறந்து காட்டச் சொல்லும் உரிமை இன்ஸ்பெக்டருக்கு உண்டு. புதுக் கேபினெட்டைக் கழற்றி, டைலை உடைத்து, உள்ளே இருப்பதைக் காட்டி, திரும்பவும் மூட வேண்டும். பெர்மிட் எடுக்காமல் மிச்சம்பிடித்த பணத்தைப் போல எத்தனை மடங்கு அதில் போகும் என்பதை உங்கள் கணக்குக்கே விட்டுவிடுகிறேன்.

ஆகவே மூன்றாவது வழிக்காரர்கள் தப்பித்துக்கொள்வதில்லை, செலவைத் தள்ளிவைக்கிறார்கள் என்பது என் கட்சி. விற்பனைப் பட்டியலில் ‘புதுப்பிக்கப்பட்ட சமையலறை’ என்று படம் போட்டுவிட்டு, டவுன்ஷிப் கோப்பில் ஒரு தாளும் இல்லையென்றால் வக்கீலுக்கு அதைவிட வசதியான பேரப்பொருள் கிடையாது. நாற்பது ஆண்டுகள் அதே வீட்டில் இருக்கப்போகிறேன் என்பவருக்கு இந்த வாதம் அவ்வளவு வலுவாக இராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்மவர்களில் பலர் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு முடிந்ததும் வீடு மாறுகிறவர்கள்.

சோதனையால் வேலையின் தரம் கூடியதா என்று கேட்டால், கூடியது. நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. சுவரை மூடுவதற்கு முன் வந்த மின் இன்ஸ்பெக்டர் டேப்பை எடுத்துக் கவுன்டர் வரப்போகும் நீளத்தை அளந்தார். கவுன்டரில் எந்த இடத்தில் நின்றாலும் இரண்டு அடிக்குள் ஒரு பிளக் இருக்க வேண்டும் என்பது விதி. ஜன்னலுக்கு இடப்புறம் ஓரிடத்தில் ஆறு அங்குலம் கூடுதலாக இருந்தது. அடுத்து, மரச்சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் கம்பி போகும் இரண்டு இடங்களில் விரலால் தட்டிக் காட்டினார். அங்கே இரும்புத் தகடு அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் கேபினெட் மாட்டும் ஸ்க்ரூ நேராகக் கம்பிக்குள் இறங்கும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். தகடு ஒன்றின் விலை ஒரு டாலர்கூட இல்லை. மறுநாள் அடித்தோம், அடுத்த முறை பச்சை ஒட்டினார். அதே இடத்தில்தான் பிறகு மசாலா அலமாரி ஏறியது. அதன் ஸ்க்ரூ எங்கே இறங்கியிருக்கும் என்பதை அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

ஹூட் விஷயத்திலும் அப்படித்தான். தாளிப்புக்குப் பயந்து நான் 900 கன அடி ஹூட் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தேன். நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் காற்றை வெளியே தள்ளும் ஹூட் என்றால், எங்களைப் போல பேஸ்மென்டில் பழைய புகைபோக்கி வகை வாட்டர் ஹீட்டர் இருக்கும் வீட்டில், வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழியும் சேர்த்தே கட்ட வேண்டும். ஹூட் வெறியோடு காற்றை உறிஞ்சும்போது ஹீட்டரின் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பும், கார்பன் மோனாக்சைடோடு. வரைபடத்தைப் பார்த்த அதிகாரி கேட்ட ஒரே கேள்வி அதுதான். 400க்குள் இருக்கும் ஹூட்டாக வாங்கி, நேரான அகலமான குழாய் விட்டோம். வற்றல் நெடி மாடிக்குப் போவதில்லை.

பெர்மிட் எடுப்பது யார் என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒற்றைக் குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமையாளர் தானே வரைந்து, தானே கம்பியும் குழாயும் போடலாம் என்று இந்த மாநிலம் விட்டுவைத்திருக்கிறது. கையில் தொழில் உள்ளவர்களுக்கு அது லாபம். எனக்கு அந்தத் துணிவு இல்லை; கான்ட்ராக்டரையே எடுக்க வைத்தேன். உங்கள் பெயரில் பெர்மிட் எடுக்கச் சொல்லிவிட்டு வேலையை மட்டும் செய்து தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்; தவறுக்குப் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். 13VH என்று தொடங்கும் கான்ட்ராக்டரின் மாநிலப் பதிவு எண் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைச் சான்றிதழ்களின் நகலைக் கொடுத்த பிறகே கடைசித் தவணை கேட்கலாம் என்பது மாநில நுகர்வோர் விதி. நான் கடைசி 15 சதவீதத்தைப் பிடித்துவைத்திருந்தேன். கடைசிச் சோதனைக்கு எங்கள் கான்ட்ராக்டர் காட்டிய வேகம் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டு வரி ஏறுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. பெர்மிட்டின் நகல் வரி மதிப்பீட்டாளருக்குப் போகிறது, மதிப்பு கூடினால் அவர் கூட்டலாம். எங்களுக்கு இரண்டு ஆண்டாகச் சமையலறையின் பெயரில் எதுவும் ஏறவில்லை. பின்பக்கம் அறை சேர்த்துக் கட்டிய நண்பருக்கு ஏறியது. இரண்டே வீடுகளை வைத்துப் பொது விதி சொல்ல நான் துணிய மாட்டேன். டவுன்ஹவுஸ், காண்டோக்காரர்களுக்கு இதோடு வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதல் வேறு. எங்கள் டவுன்ஹவுஸில் நாங்கள் ஓர் ஆணிகூடப் புதிதாக அடிக்காததால் அந்தப் பாதையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கடைசிச் சான்றிதழ் வந்த அன்று அதன் நகலை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டு, மறுநாளே டவுன்ஷிப்பில் எங்கள் முகவரிக்கே ஒரு ஓப்ரா மனு போட்டேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. மூன்று பிரிவும் மூடப்பட்டிருந்தன. 1998இல் யாரோ எடுத்த டெக் பெர்மிட் ஒன்று மட்டும் இன்னும் திறந்திருக்கிறது.