அப்பச்சிக்குப் பல்செட்டு பார்க்கப் போன இடம்

இந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு நான்கு ஸ்டார்தான். ஒன்றைக் குறைத்தது மாடிப்படிக்கு. 71 வயது அப்பச்சியைச் செங்குத்தான 22 படி ஏற்றுவதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிட்டது. லிஃப்ட் கிடையாது. டோக்கன் 11 மணிக்கு, கூப்பிட்டது 12:40-க்கு.

கீழ்ப் பல்செட்டு ஆடுகிறது என்றுதான் காரைக்குடிக்குக் கூட்டிப்போனேன். கூடவே ஆறு மாதமாக வாய் எரிச்சல். வரமிளகாய்த் துவையல் இல்லாமல் இட்லியைத் தொடாதவர், ரசத்துக்கே ‘ஸ்ஸ்’ என்றார். வீட்டில் எல்லோரும் மிளகாயைத்தான் திட்டினோம். முன்பு காட்டிய ஓர் இடத்தில் வாயைச் சரியாகப் பார்க்காமலே மூன்று தடவை பி காம்ப்ளக்ஸும் தடவுகிற மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கே டாக்டரம்மா செட்டைக் கழற்றித் தட்டில் வைத்ததோடு சரி, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, இரண்டு ஓரமும் அடிப்பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்தார். “வெத்தலையை எந்தக் கன்னத்துல ஒதுக்குவீங்க ஐயா?” இடது. அங்கே என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு, துணியால் துடைத்தும் போகவில்லை. நடுவில் சிவப்பாக ஒரு புண். அப்புறம் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். அப்பச்சிக்கு இரண்டுதான் போனது. பாக்கு, கன்னத்தின் உள்பக்கத்தை நார் பாய வைத்து இறுக்கிவிடுமாம்.

“நான் புகையிலையே போடுறதில்லையே!” என்று அப்பச்சிக்குக் கோபம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது என்றார் டாக்டரம்மா. நம் வீட்டுக் கல்யாணங்களில் தட்டுத் தட்டாக அடுக்குகிறோம்!

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் யாருக்கும் தூக்கமில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் மாற ஆரம்பித்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

மேல் ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்ததைப் பார்த்து, “சுகர் பார்த்தீங்களா?” என்றார். பார்த்ததே இல்லை. சோதித்தால், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு (HbA1c) 9.2. அது 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்தான்.

துணைக்கு வந்த ஆத்தாவையும் விடவில்லை. கடைவாய் வெடிப்பையும், மொழுமொழுவென்று வெளுத்த நாக்கையும் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 8, ரத்தசோகை. ஆத்தாவைப் பார்த்ததற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

பல்செட்டு இன்னும் வரவில்லை. சுகர் இறங்கி, வாய் ஆறிய பிறகுதான் அளவெடுப்பாராம். வெற்றிலைப் பெட்டியை ஆத்தா எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை லீவு, போன் போட்டுவிட்டுப் போங்கள்.