டொம்லூரின் பழமை: ஏட்டில் தேடுவதா, கல்லில் தேடுவதா?

பெங்களூரின் மேம்பாலச் சந்தடிக்குள் இருக்கும் டொம்லூர் ஒரு காலத்தில் கிராமம். இப்படி நகரம் விழுங்கிய ஊர்களின் கதையைத் தேட இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஏடு. கர்நாடகக் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தரும் நூல்வரிசை எபிகிராபியா கர்நாடிகா. 1905இல் வெளிவந்த அதன் 9ஆம் தொகுதி, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தாலுகா வாரியாகத் தருகிறது. டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் உண்டு. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தையும் அருகில் வைத்துக்கொண்டால் ஏரி, வாய்க்கால், ஊர் எல்லை எல்லாம் வீட்டிலிருந்தே பிடிபடும். வேகமான வழி இதுதான்.

இன்னொன்று, களம். நேரம் பிடிக்கும், கால் வலிக்கும். ஆனால் காலைச் சாய்வெயில் கோயில் சுவரில் விழும்போது, வெறும் கீறலாகத் தெரிந்தது மெல்ல மெல்லத் 'தோம்பலூர்' என்று எழுந்து நிற்கும். நம் மொழியில், நாம் குடியிருக்கும் ஊரின் பழைய பெயர்! விரல் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். எழுத்தை எடுத்துக்காட்ட மாவு பூசுவதும் வேண்டாம்.

ஏட்டில் ஏறாத கல்லும் உண்டு. பெங்களூரின் இன்னொரு பகுதியான ஹெப்பாளில், சுமார் 750ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நடுகல் 2018இல்தான் கவனத்துக்கு வந்தது. அதைக் காப்பாற்றியது குடிமக்களின் அக்கறை.

முதலில் ஏட்டைப் படிக்கச் சொல்வேன். ஆனால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கிறது என்றால், கோயிலுக்கே போங்கள், காலை 8 மணிக்குள்.